கிருமி போன பின்னும் நிற்காத இருமல்

தமிழில் அதற்குக் கக்குவான் இருமல் என்று பெயர். இருமி இருமிக் கடைசியில் உண்டதைக் கக்க வைப்பது அது. மலாய்க்காரர்கள் 'பாத்தோக் கோக்கோல்' என்பார்கள். இருமி முடித்த குழந்தை காற்றை உள்ளிழுக்கும்போது எழும் 'ஊப்' என்ற ஓசையை ஆங்கிலப் பெயர் பிடித்து வைத்திருக்கிறது. சீனர்கள் வைத்த பெயருக்கு 'நூறு நாள் இருமல்' என்று பொருள்.

இந்த நான்கு பெயர்களில் அறிவியலாளர்களை அதிகம் அலைக்கழித்தது அந்த 'நூறு நாள்'தான். இந்நோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. சரியான நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஐந்து நாள் கொடுத்தால், நோயாளியிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றும் ஆபத்து நீங்கிவிடும். ஆனால் இருமல் நிற்பதில்லை. மூன்று வாரம், ஆறு வாரம், சிலருக்கு மூன்று மாதம் வரை அது தொடர்கிறது. கிருமி போய்விட்டது, பிறகு எதற்காக உடல் இருமிக்கொண்டே இருக்கிறது?

விடை மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் கிருமியைக் கண்டதும் என்ன செய்கின்றன, கிருமி அந்த எதிர்வினையை எப்படித் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

ஓயாத துப்புரவுப் பணி

நாம் ஒரு நாளில் பத்தாயிரம் லிட்டருக்கும் மேல் காற்றைச் சுவாசிக்கிறோம். அதோடு தூசு, புகை, மகரந்தம், கிருமிகள் எல்லாம் உள்ளே போகின்றன. நுரையீரல் அடைத்துப் போகாமல் இருப்பதற்குக் காரணம், மூச்சுக்குழாயின் உட்சுவரில் இரவு பகலாக நடக்கும் துப்புரவுப் பணி.

அந்தச் சுவரில் மூன்று வகை உயிரணுக்களை முக்கியமாகச் சொல்லலாம். முதல் வகை, சளியைச் சுரப்பவை. சளி என்றதும் நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால் ஆரோக்கியமான மூச்சுக்குழாயில் அது மெல்லிய ஒட்டும் போர்வை. உள்ளே வரும் தூசும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது வகை, நுண்ணிழை உயிரணுக்கள். ஒவ்வொன்றின் தலையிலும் சுமார் 200 நுண்ணிழைகள் உண்டு. அவை நொடிக்குப் பத்து முதல் இருபது முறை ஒரே திசையில் அடிக்கின்றன. காற்றில் சாயும் நெற்பயிரைப் போல வரிசை வரிசையாக அவை அசையும்போது, மேலே படிந்த சளிப் போர்வை நிமிடத்திற்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டையை நோக்கி நகர்கிறது. அங்கே வந்து சேர்ந்ததை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். மூன்றாவது வகை, சுவரின் அடியில் காத்திருக்கும் அடித்தள உயிரணுக்கள். மேலே உள்ளவை சேதமடைந்தால், இவை பிளவுபட்டுப் புதியவற்றை உருவாக்கும்.

சளி பொறி, நுண்ணிழை துடைப்பம், அடித்தள உயிரணு பழுது பார்ப்பவர். மூன்றும் சேர்ந்து இயங்கும் வரை இருமலுக்கு அதிக வேலையில்லை. துடைப்பம் நின்றுபோனால் சளியை வெளியேற்ற உடலிடம் மிஞ்சுவது இருமல் ஒன்றுதான்.

கக்குவான் கிருமி குறிவைப்பது அந்தத் துடைப்பத்தைத்தான்.

போர்டே வளர்த்த கிருமி

பாரிஸில் 1578-ஆம் ஆண்டு குழந்தைகளிடையே பரவிய ஒரு கொடிய இருமலை கியோம் தே பையூ என்ற மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். இந்நோயைப் பற்றிய தெளிவான பழைய பதிவு அதுதான் என்பார்கள். கிருமியைக் கண்டுபிடிக்க மேலும் மூன்று நூற்றாண்டுகள் பிடித்தன.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜூல் போர்டே, 1900-ஆம் ஆண்டில் நோயுற்ற குழந்தையின் சளியை நுண்ணோக்கியில் பார்த்தபோது மிகச் சிறிய, முட்டை வடிவக் கிருமிகள் தெரிந்தன. ஆனால் அவற்றை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடியவில்லை. அவரும் ஒக்டாவ் ஜாங்குவும் சேர்ந்து உருளைக்கிழங்குச் சாறு, கிளிசரின், இரத்தம் ஆகியவற்றைக் கலந்து ஓர் ஊட்டக் கூழைத் தயாரித்த பிறகே, 1906-இல் அக்கிருமி தட்டில் வளர்ந்தது. போர்டேயின் பெயரால் அது 'போர்டெடெல்லா பெர்டூசிஸ்' ஆனது. நோய் எதிர்ப்பாற்றல் குறித்த ஆய்வுகளுக்காக 1919-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

1912-இல் பாஸ்டன் நகர மருத்துவர் ஃபிராங்க் மல்லோரி, இந்நோயால் இறந்த குழந்தைகளின் மூச்சுக்குழாய்த் திசுக்களை ஆராய்ந்தார். கிருமிகள் எல்லா இடத்திலும் பரவியிருக்கவில்லை. நுண்ணிழைகளுக்கு இடையில், புல்லுக்குள் ஒளிந்த பூச்சிகளைப் போலக் கூட்டம் கூட்டமாக அடைந்து கிடந்தன. இரத்தத்துக்குள் நுழைந்து உடலெங்கும் பரவும் கிருமி அல்ல இது. மூச்சுக்குழாயின் மேற்பரப்பிலேயே குடியிருந்து, அங்கிருந்தபடியே உடலை ஆட்டி வைக்கிறது. பல நோயாளிகளுக்குக் காய்ச்சல் அதிகம் வராததற்கும், தொடக்கத்தில் இது வெறும் தடுமனைப் போலத் தோன்றுவதற்கும் இந்த ஒதுங்கிய வாழ்க்கை ஒரு காரணம்.

இக்கிருமிக்கு மனிதனைத் தவிர வேறு வீடு கிடையாது. நாய்களுக்கு இருமல் உண்டாக்கும் ஒரு பாக்டீரியா இதற்கு நெருங்கிய உறவு. அது பல விலங்குகளிடம் வாழும். கக்குவான் கிருமியோ, மனித மூச்சுக்குழாய்க்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொண்டு, தேவையற்ற பல மரபணுக்களை இழந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் அது இன்னொரு மனிதரிடமிருந்துதான் வந்திருக்கும்.

உயிரணு எழுப்பும் எச்சரிக்கை மணி

இருமல் துளியோடு வந்து மூச்சுக்குழாயில் இறங்கியதும் கிருமி முதலில் வெப்பத்தை உணர்கிறது. 37 பாகை என்றால் மனித உடலுக்குள் வந்தாயிற்று என்று அதற்குத் தெரியும். உடனே தாக்குதலுக்கு வேண்டிய மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. நூல் போன்ற புரதங்களையும் கொக்கி போன்ற இழைகளையும் நீட்டி, அசைந்துகொண்டே இருக்கும் நுண்ணிழைகளைப் பற்றிக்கொள்கிறது.

மூச்சுக்குழாய் உயிரணு சும்மா இருப்பதில்லை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ரெல்மனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயல்பாட்டை ஒரே சமயத்தில் பார்க்க உதவும் மரபணுச் சில்லுகள் அப்போது புதியவை. தட்டில் வளர்த்த மனித மூச்சுக்குழாய் உயிரணுக்களின் மீது கிருமியை விட்டு, எந்தெந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்று அவர்கள் பார்த்தார்கள்.

முதலில் விழித்தவை அபாய அறிவிப்பு மரபணுக்கள். உயிரணு தன் அண்டை அயலாருக்கும் இரத்தத்தில் சுற்றும் வெள்ளை அணுக்களுக்கும் வேதிச் செய்திகளை அனுப்பியது. அச்செய்திகள் உண்மையாகவே வெள்ளை அணுக்களை இழுக்கின்றன என்பதையும் ஆய்வாளர்கள் சோதித்து உறுதிசெய்தார்கள். அதோடு, சளியைத் தயாரிக்கும் மரபணுக்களும் வேகமெடுத்தன. கிருமி வந்திருக்கிறது, சளியைக் கூட்டிப் பிடித்து வெளியே தள்ளு என்பதுதான் உயிரணுவின் கணக்கு.

கணக்கு பிழையில்லை, ஆனால் எதிராளி அதைவிடக் கெட்டிக்காரன். கக்குவான் கிருமி சளியில் சிக்கித் தவிக்கவில்லை. அந்தச் சளியையே பிடிமானமாக்கிக் கொண்டது. வீட்டுக்காரர் திருடனைத் தடுக்க நட்ட வேலியில் திருடன் ஏணி சாத்தியதைப் போன்ற நிலை.

சிறிய சிதறல், பெரிய சேதம்

நுண்ணிழை உயிரணுக்கள் எப்படிச் சாகின்றன? இதற்கான விடையை 1980-களில் தேடத் தொடங்கியவர் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் கோல்ட்மன். வெள்ளெலியின் மூச்சுக்குழாயை மெல்லிய வளையங்களாக நறுக்கி, ஊட்ட நீரில் உயிரோடு வைத்திருப்பது அக்கால ஆய்வு முறை. நுண்ணோக்கியில் பார்த்தால் நுண்ணிழைகள் அசைவது தெரியும். கிருமியை அகற்றிவிட்டு, அது வளர்ந்த நீரை மட்டும் வடிகட்டி ஊற்றினாலும் அசைவு நின்றது. அந்த நீரில் ஏதோ ஒன்று இருந்தது.

1982-இல் கோல்ட்மனும் சகாக்களும் அதைப் பிரித்தெடுத்தார்கள். நஞ்சு என்றால் பெரிய புரதமாக இருக்கும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. இதுவோ இரண்டு சர்க்கரைகளும் நான்கு அமினோ அமிலங்களும் கொண்ட சின்னஞ்சிறு துண்டு. பாக்டீரியாவின் வெளிச்சுவர் எதனால் கட்டப்பட்டிருக்கிறதோ, அதில் ஒரு செங்கல்.

பாக்டீரியா வளர வேண்டுமானால் தன் சுவரை இடித்து இடித்து விரித்துக் கட்ட வேண்டும். அப்போது இத்தகைய துண்டுகள் உதிரும். நம் குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் சிக்கனமானவை. உதிர்ந்த செங்கலை மறுபடி உள்ளே இழுத்து அடுத்த சுவருக்குப் பயன்படுத்திக்கொள்ளும். அதற்கென்று 'ஆம்ப்-ஜி' என்ற வாயில் புரதம் அவற்றிடம் உண்டு. கக்குவான் கிருமியிடம் அந்த வாயில் சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே செங்கற்களை வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதன் குப்பையே நமக்கு நஞ்சு.

கொலையாளி பக்கத்து வீட்டில்

இந்தத் துண்டு நேரடியாக நுண்ணிழை உயிரணுவைக் கொல்கிறது என்றே முதலில் நினைத்தார்கள். அடுத்தடுத்த ஆய்வுகளில் கதை மாறியது.

1990-களில் கோல்ட்மன் குழுவினர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைக் கவனித்தார்கள். இரத்தக் குழாய்களை விரிக்க நம் உடலே சிறிதளவு தயாரிக்கும் பொருள் அது. அந்த அறிவிப்புப் பணியைக் கண்டுபிடித்தவர்களுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அளவு மிஞ்சினால் அது உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் நொதிகளைக் கெடுத்துவிடும். கிருமித் துண்டு பட்ட மூச்சுக்குழாய்த் திசுவில் இவ்வாயு பெருகியது. வாயுத் தயாரிப்பைத் தடுக்கும் பொருளைச் சேர்த்தபோது, நுண்ணிழை உயிரணுக்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன.

அப்படியானால் வாயுவைத் தயாரிப்பது யார்? சாகின்ற நுண்ணிழை உயிரணுக்கள் அல்ல. பக்கத்தில் இருக்கும், நுண்ணிழை இல்லாத சுரப்பு உயிரணுக்கள்தான். பாக்டீரியாவின் சுவர்த் துண்டையும், அதன் வெளியுறையில் உள்ள கொழுப்புச் சர்க்கரைப் பொருளையும் சேர்த்து உணர்ந்ததும், கிருமியை விரட்டுவதற்காக அவை நைட்ரிக் ஆக்சைடைக் கொட்டுகின்றன. வாயு என்பதால் அது எளிதாக அடுத்த உயிரணுவுக்குள் நுழைகிறது. தயாரித்தவை தாக்குப்பிடிக்கின்றன, பக்கத்தில் இருந்தவை மடிகின்றன.

திருடனைப் பிடிக்க வீசிய கல் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்த கதை இது. கக்குவான் நோயில் நடக்கும் சேதத்தின் ஒரு பெரும் பகுதி, கிருமி தன் கையால் செய்தது அன்று. நம் உயிரணுக்களின் தற்காப்பு தடம் மாறியதால் வந்தது. மனித மூக்குத் திசுவில் செய்த சோதனைகளிலும் நுண்ணிழை உயிரணுக்கள் சுவரிலிருந்து பிதுங்கி உதிர்வதைக் கண்டிருக்கிறார்கள். மேலும், வெள்ளெலியின் மூச்சுக்குழாய் உயிரணுக்களில் இதே துண்டு புதிய உயிரணுக்கள் பெருகுவதையும் மட்டுப்படுத்தியது. துடைப்பத்தையும் உடைத்து, பழுது பார்ப்பவரின் கையையும் கட்டிப்போட்டால் வீடு எப்படிச் சுத்தமாகும்?

கணவாய்க்கு அது வரம்

இதே துண்டு இன்னோர் உயிருக்கு நன்மை செய்கிறது. நாம் சோத்தோங் என்று வாங்கிச் சமைக்கும் கணவாயின் உறவினம் ஒன்று ஹவாய்த் தீவுக் கடலில் வாழ்கிறது. கட்டைவிரல் அளவே உள்ள அக்கணவாய், ஒளிவிடும் பாக்டீரியாக்களைத் தன் வயிற்றுப் பகுதியில் வளர்க்கிறது. நிலவொளியில் நீந்தும்போது அதன் நிழல் கீழே விழாமல் இருக்க அந்த வெளிச்சம் உதவுகிறது.

பிறந்த குஞ்சின் ஒளியுறுப்பில் நுண்ணிழை உயிரணுக்கள் இருக்கும். அவை கடல்நீரை அளைந்து அந்த பாக்டீரியாவை உள்ளே சேர்க்கும். விருந்தாளி வந்து குடியேறியதும் அந்த உயிரணுக்களுக்கு வேலை முடிந்துவிடும், அவை உதிர்ந்துபோகும். உதிரச் சொல்லும் செய்தி எது என்பதை மார்கரெட் மெக்ஃபால்-ங்காய் குழுவினர் கோல்ட்மனுடன் சேர்ந்து 2004-இல் கண்டறிந்தார்கள். கக்குவான் கிருமி உதிர்க்கும் அதே சுவர்த் துண்டுதான் அது. அங்கே வளர்ச்சியின் ஒரு படி. இங்கே குழந்தையின் மூச்சைத் திணறடிக்கும் நோய். துண்டு ஒன்றுதான். அதை வாசிக்கும் உடல்தான் வேறு.

காவலர்களைக் கட்டிப்போடும் நஞ்சுகள்

உயிரணுக்கள் அழைத்த வெள்ளை அணுக்கள் வந்து கிருமியை விழுங்கிவிடலாமே? அதற்கும் கிருமி வழி வைத்திருக்கிறது. அதன் ஒரு நஞ்சு, விழுங்க வரும் வெள்ளை அணுவுக்குள் புகுந்து, உள்செய்தி மூலக்கூறு ஒன்றை அளவுக்கு மீறிப் பெருகச் செய்கிறது. அந்த வெள்ளத்தில் வெள்ளை அணு செயலிழந்து நிற்கும்.

மற்றொன்று பெர்டூசிஸ் நஞ்சு. இதை இக்கிருமி மட்டுமே தயாரிக்கிறது. உயிரணுவின் மேற்பரப்பில் வந்து சேரும் செய்திகளை உள்ளே கடத்தும் ஒரு வகைப் புரதத்தை அது பூட்டிவிடுகிறது. விளைவாக, இரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களுக்கு எங்கே இறங்க வேண்டும் என்று தெரிவதில்லை. அவை இரத்தத்திலேயே சுற்றிச் சுற்றிப் பெருகுகின்றன. கைக்குழந்தைகளில் இந்த எண்ணிக்கை சில வேளைகளில் மிகக் கடுமையாக உயர்ந்து, நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்து, இதயத்தைத் தளரச் செய்துவிடும். இந்நோயால் நேரும் குழந்தை மரணங்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மிளகாய் உறைப்பும் இருமலும்

நுண்ணிழைகள் போனதால் சளி தேங்குகிறது, அதனால் இருமல் வருகிறது என்பது பாதி விளக்கம்தான். மூச்சு விடக்கூட இடைவெளி இல்லாமல் பத்து, இருபது முறை தொடர்ந்து வெடிக்கும் அந்த இருமலுக்கு, நரம்புகளின் பங்கும் இருக்க வேண்டும்.

2022-இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளை வைத்து இதை விளக்கினார்கள். கிருமியின் வெளியுறைப் பொருளும் அதன் ஒரு புரதமும் சேர்ந்து, பிராடிகினின் என்ற பொருள் உடலில் பெருகக் காரணமாகின்றன. பிராடிகினின் மூச்சுக்குழாய் நரம்புகளின் நுனியில் உள்ள ஓர் உணர்வாங்கியைக் கூர்மையாக்குகிறது. மிளகாயின் உறைப்பை நமக்கு உணர்த்துவதும் இதே உணர்வாங்கிதான். அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சாதாரணமாக இந்நரம்புகளை அமைதிப்படுத்தும் செய்திகளும் உண்டு. பெர்டூசிஸ் நஞ்சு அச்செய்திகளின் வாயை அடைத்துவிடுகிறது. தூண்டுதல் கூடுகிறது, கடிவாளம் அறுகிறது. தாளிக்கும் புகை பட்டாலே தொண்டை கமறும் நிலையில், மூச்சுக்காற்றே போதும் இருமலைக் கிளப்ப.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் சிலருக்குப் பிராடிகினினின் கைவரிசை ஏற்கெனவே தெரிந்திருக்கும். பெரிண்டோபிரில், எனலாபிரில் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுவோரில் ஒரு பகுதியினருக்கு விடாத வறட்டு இருமல் வருவதுண்டு. உடலில் பிராடிகினினைச் சிதைக்கும் நொதியை அம்மாத்திரைகள் தடுப்பதே காரணம். அத்தகைய இருமல் உள்ளவர்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாற்று மருந்துகள் உண்டு.

மருந்து ஏன் பிந்திவிடுகிறது?

இப்போது தொடக்கக் கேள்விக்குத் திரும்பலாம். நுண்ணுயிர்க்கொல்லி கிருமியைக் கொல்லும். உதிர்ந்த நுண்ணிழை உயிரணுக்களை அது திருப்பித் தராது. அடித்தள உயிரணுக்கள் பிளவுபட்டு, புதியவை முதிர்ந்து, நுண்ணிழை முளைத்து, எல்லாம் ஒரே திசையில் அடிக்கத் தொடங்குவதற்கு வாரக்கணக்கில் ஆகும். கூர்மையான நரம்புகள் தணியவும் காலம் வேண்டும். நோய் ஆறிய சில மாதங்களுக்குள் சாதாரணத் தடுமன் வந்தாலும் பழைய இருமல் திரும்புவது இதனால்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் ஓரிரு வாரம் இந்நோய் மூக்கொழுகல், லேசான இருமல் என்று தடுமனைப் போலவே இருக்கும். அந்தக் கட்டத்தில்தான் கிருமி மிகுதியாகப் பரவுகிறது. மருந்து நோயின் போக்கை மாற்ற வாய்ப்புள்ளதும் அப்போதுதான். யாரும் சந்தேகப்படுவதில்லை. கடும் இருமல் தொடங்கி மருத்துவரைப் பார்க்கும்போது சுவரில் சேதம் நடந்து முடிந்திருக்கும். அப்போதும் மருந்து தேவையே. அது நோயாளியின் இருமலை விட, வீட்டில் உள்ள மற்றவர்களைக் காப்பதற்காகக் கொடுக்கப்படுகிறது.

தடுப்பூசி கற்றுத் தந்த பாடங்கள்

சேதம் நடந்த பின் சரிசெய்வது கடினம் என்றால், நடக்காமல் தடுப்பதே வழி. 1930-களின் பொருளாதார மந்த காலத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேர்ல் கெண்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரு பெண் அறிவியலாளர்கள் வேலை நேரம் முடிந்த பின் வீடு வீடாகச் சென்றார்கள். இருமும் குழந்தைகளின் முன் ஊட்டத் தட்டை நீட்டிக் கிருமியைச் சேகரித்தார்கள். கொல்லப்பட்ட முழுக் கிருமியைக் கொண்டு அவர்கள் செய்த தடுப்பூசி, முறையான களச் சோதனையில் வென்றது.

அந்த ஊசிக்குப் பின் காய்ச்சலும் வீக்கமும் அதிகம். 1975-இல் ஜப்பானில் ஊசி போட்ட இரு குழந்தைகள் இறந்ததை அடுத்துத் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. மக்களின் நம்பிக்கை சரிந்தது. 1974-இல் அங்கு சுமார் 400 பேருக்கே கக்குவான் கண்டிருந்தது. 1979-இல் 13,000 பேருக்கு மேல் நோய் கண்டு, 41 பேர் இறந்தார்கள். பிறகு ஜப்பானியரே கிருமியின் சில புரதங்களை மட்டும் சுத்திகரித்து மென்மையான ஊசியை உருவாக்கினார்கள். 1981-இல் அது அங்கே பயன்பாட்டுக்கு வந்தது. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கைக்குழந்தைகளுக்குப் போடப்படுவது அந்த வகைதான்.

மென்மைக்கு ஒரு விலை இருந்தது. இதன் காப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இவ்வகை ஊசி போட்ட பபூன் குரங்குகளுக்கு நோய் வரவில்லை. ஆனால் கிருமி அவற்றின் மூச்சுப்பாதையில் தங்கி, மற்றக் குரங்குகளுக்கும் பரவியது. கையில் போட்ட ஊசி இரத்தத்தில் எதிர்ப்பொருளை நிறைக்கிறது. மூக்கின் உட்சுவரில் காவலை அவ்வளவாக ஏற்படுத்துவதில்லை.

ஆகவே, மூக்கின் வழியே கொடுக்கும் ஒரு தடுப்பு மருந்தை பிரான்சின் லீல் நகரப் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தின் கமீல் லோக் குழுவினர் உருவாக்கியிருக்கிறார்கள். அது உயிருள்ள கக்குவான் கிருமி. ஆனால் நஞ்சு நீக்கப்பட்டது. அதில் செய்த மாற்றங்களில் ஒன்று நமக்கு இப்போது நன்றாகப் புரியும்: பழுதான ஆம்ப்-ஜி வாயிலுக்குப் பதில் ஈ.கோலையின் நல்ல வாயில் மரபணுவை வைத்துவிட்டார்கள். செங்கல் வெளியே கொட்டுவது நின்றது, நுண்ணிழைகளும் தப்பின. பெரியவர்களிடம் நடந்த சோதனைகளில், மூக்கின் உட்சுவரிலேயே எதிர்ப்பொருள் உண்டாவது தெரிந்திருக்கிறது. பொதுப் பயன்பாட்டுக்கு வருமுன் மேலும் சோதனைகள் உண்டு.

யாரைக் காக்க வேண்டும்?

2014-ஆம் ஆண்டுக்கான ஒரு மதிப்பீட்டின்படி, உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 2 கோடியே 40 லட்சம் குழந்தைகளுக்கு இந்நோய் கண்டது. ஏறத்தாழ 1 லட்சத்து 60 ஆயிரம் பேர் இறந்தார்கள். மிக அதிக ஆபத்தில் இருப்பவர்கள் முதல் சில மாதக் குழந்தைகள். அவர்களிடம் 'ஊப்' ஓசை கேட்காமலே போகலாம். இருமக்கூட வலுவில்லாமல் மூச்சு நின்று, உதடு நீலம் பாரிப்பதே முதல் அறிகுறியாக இருக்கலாம். அப்படிக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டு வைத்தியத்துக்கு அது நேரமல்ல. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமலுக்கென்று தேன் கொடுப்பதும் கூடாது. அதில் இருக்கக்கூடிய வேறொரு கிருமி வித்து பச்சிளங் குழந்தைக்கு ஆபத்தானது.

மலேசியாவில் இத்தடுப்பூசி 2, 3, 5 மாதங்களிலும் பிறகு 18-ஆம் மாதத்திலும் போடப்படுகிறது. சிங்கப்பூரில் 2, 4, 6 மாதங்கள், 18-ஆம் மாதம், பின்னர் 10 அல்லது 11 வயதில் ஒன்று. எப்படிப் பார்த்தாலும் முதல் ஊசிக்கு முன் இரண்டு மாத இடைவெளி இருக்கிறது. நம் வீடுகளில் முப்பதாம் நாள் சடங்குக்கு உறவினர்கள் கூடுவதும், ஆளுக்கு ஆள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதும் அந்த இடைவெளியில்தான். பல நாளாக இருமும் தாத்தாவோ சித்தியோ பள்ளி செல்லும் அண்ணனோ, 'சாதாரண இருமல்தானே' என்று குழந்தையின் முகத்தருகே குனிவதும் அப்போதுதான்.

அந்த இடைவெளியை நிரப்பத் தாயால் முடியும். கர்ப்பிணிக்கு ஊசி போட்டால் எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியே குழந்தைக்குச் செல்கிறது. பிரிட்டனில் 2012-இல் நோய் பெருகியபோது இத்திட்டம் தொடங்கியது. ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களின் பச்சிளங் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 90 விழுக்காடு காப்பு கிடைத்ததாக அங்கு நடந்த ஆய்வு காட்டியது. சிங்கப்பூரில் ஒவ்வொரு கர்ப்பத்தின்போதும் 16 முதல் 32 வாரத்துக்குள் இதைப் போட்டுக்கொள்ளப் பரிந்துரைக்கிறார்கள். மலேசியக் கர்ப்பிணிகள் தங்கள் கிளினிக்கில் இது பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. முன்பே ஊசி போட்டவர், சிறு வயதில் நோய் கண்டவர் ஆகியோருக்கும் காப்பு ஆயுள் முழுதும் நிலைப்பதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடிக்கும் பெரியவர்கள், குறிப்பாகச் சிறு குழந்தை இருக்கும் வீட்டில், மருத்துவரைப் பார்த்துக் கக்குவானா என்று கேட்கலாம். அதுவரை முகக்கவசம் அணிந்து, குழந்தையைத் தூக்காமல் ஒதுங்கியிருப்பது அன்பு குறைந்ததாகாது. பெரியவர்களின் மூச்சுக்குழாய்ச் சுவர் சில வாரங்களில் தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு அந்தச் சில வாரங்கள் கிடைக்கும் என்று எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது.